தாளம் காலில் தொடங்கட்டும்: தொடக்கக் கல்வியை வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கும், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பாடநூல்களும் ஆசிரியர் கையேடுகளும் உருவாக்குகிறவர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் கால் மணி நேரம் தாளம் கற்றுத்தர வேண்டும். கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம், பறை ஆகியவற்றின் அடிப்படை அடவுகள், அதாவது ஆட்ட அசைவுகள் வழியாக, உடம்பை அசைத்தே கற்றுத்தர வேண்டும். ஆண்டு விழாவுக்குச் சில வாரம் முன்பு அவசரமாகத் தொடங்கி, விழா முடிந்த மறுநாளே மறந்துபோகிற நடனத்தை நான் கேட்கவில்லை. தமிழும் கணக்கும் எப்படி அன்றாட வேலையோ, அப்படி இதுவும் அன்றாட வேலையாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். நான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கும்மியும் ஒயிலும் பழக்குகிறவள். அந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

துறை எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2022இல் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்ய எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான வகுப்பறைகளில் ஆடல் பாடல் களம் என்று தனியாக ஓர் இடமே கொடுத்தீர்கள். பாட்டும் ஆட்டமும் வகுப்பறைக்குள் உரிமையோடு நுழைந்தது சின்ன விஷயம் இல்லை. அதற்கு முன் 2012இல் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்கென்று 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஆனால் அவர்கள் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக வந்தவர்கள். ஆறு வயதில் கூச்சமே இல்லாமல் ஆடுகிற பிள்ளை, பதினொரு வயதில் பக்கத்தில் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் காலைத் தூக்குகிறது. தாளத்தை அந்த வயதில் தொடங்கினால், முதலில் கூச்சத்தைப் போக்கவே பாதிக் காலம் போய்விடுகிறது.

ஆடல் பாடல் களத்தில் பெரும்பாலும் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். மழை என்றால் விரல்களைக் கீழே இறக்குகிறார்கள், யானை என்றால் கையைத் தும்பிக்கை ஆக்குகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. சொல்லின் பொருளைக் கையால் காட்டுகிற வேலை அது, அதற்கும் வகுப்பில் இடம் வேண்டும். ஆனால் பாட்டின் காலம் உடம்பில் ஏறுவது வேறு விஷயம். மழையை அருமையாக அபிநயம் பிடிக்கிற பிள்ளைக்கு, அந்தப் பாட்டின் முதல் தட்டு எங்கே விழுகிறது என்று காலால் காட்டத் தெரிவதில்லை. யாரும் அதனிடம் கேட்டதும் இல்லை.

அப்புறம் அந்த ஸ்பீக்கர். கைப்பேசியில் பாட்டைப் போட்டு, ஒலிபெருக்கிப் பெட்டியில் இணைத்துவிட்டால் வேலை சுலபம் என்று தோன்றும். பதிவு செய்த பாட்டு பிள்ளைக்காகக் காத்திருக்காது. ஒரு பிள்ளை அரைத் தட்டு பின்தங்கினாலும் பாட்டு தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும். பிள்ளை துரத்திப் பார்க்கும், முடியாதபோது விட்டுவிட்டுச் சும்மா கையை ஆட்டத் தொடங்கிவிடும். கும்மியில் அப்படி இல்லை. பாடுகிறவரும் தட்டுகிறவரும் ஒரே வட்டத்தில் இருக்கிறார்கள். வட்டம் தடுமாறினால் பாட்டு மெதுவாகிறது, கால்கள் சேர்ந்துவிட்டால் பாட்டு தானாக வேகம் எடுக்கிறது. வேகத்தைத் தீர்மானிப்பது பிள்ளைகளின் உடம்பு. நாட்டார் இசையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று நான் கேட்பதற்குப் பழம்பெருமை மட்டும் காரணமில்லை. ஆடிக்கொண்டே பாடுகிறவர்கள் உருவாக்கிய இசை என்பதால், ஆடிக்கொண்டே கற்கிறவருக்கு அது பொருந்துகிறது. நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் உடம்புகள் ஒன்றாக அசைய வேண்டிய தேவையிலிருந்து வந்தவைதானே?

ஒரு வகுப்பு எப்படிப் போகும் என்று கொஞ்சம் அருகில் காட்டுகிறேன். இரண்டாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேப்பமர நிழலில், அல்லது வராண்டாவில், பிள்ளைகள் வெறுங்காலில் நடக்கிறார்கள். முதலில் தாளம் கொடுப்பதே இல்லை. அவர்கள் நடக்கிற வேகத்தைப் பார்த்து, அந்த வேகத்துக்கு நான் தட்டுகிறேன். பெரியவர்களுக்கு வசதியான வேகம் சிறு பிள்ளைக்கு மிக மெதுவானது, அதில் அதனால் நிலைத்து நிற்க முடியாது. நம் வேகத்தில் தொடங்கிவிட்டு, பிள்ளைக்குத் தாளம் வரவில்லை என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம். அவர்கள் காலும் என் தட்டும் ஒன்று சேர்ந்ததும், தட்டை நிறுத்தினால் கால் நிற்க வேண்டும் என்கிறேன். இரண்டு மூன்று முறை ஆனதும் அதைத் திருப்பிப் போடுகிறேன்: தட்டு நின்றாலும் கால் நடக்க வேண்டும், நான் மறுபடி தட்டும்போது கால் என்னோடு இருக்க வேண்டும். அந்த நிசப்தத்தில்தான் எல்லாம் தெரியும். சில பிள்ளைகளின் உதடு அசையும். சிலர் தலையை ஆட்டுவார்கள். சிலர் பக்கத்துப் பிள்ளையின் காலைப் பார்ப்பார்கள். அது திருட்டுத்தனம் இல்லை, அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டத்தில் தாளம் பரவுகிறது. சில நாளில் பார்க்காமலே நடந்துவிடுவார்கள்.

கால் நிலைத்த பிறகுதான் கை. கையில் முதலில் தொடையைத் தட்டுவது, பிறகு சொந்தக் கையோடு கை, பிறகு எதிரில் இருப்பவரின் கை. கோலாட்டக் குச்சி இதெல்லாம் முடிந்த பிறகுதான். முதல் நாளே குச்சியைக் கொடுத்தால் பிள்ளையின் முழுக் கவனமும் விரலில் அடிபடாமல் பார்த்துக்கொள்வதில் போய்விடும், தாளத்துக்கு இடமிருக்காது. இன்னொன்று, ஆசிரியர் பிள்ளைகளைப் பார்த்து நின்று அடவு காட்டினால் வலது இடதாகிவிடும். ஒயில் வாத்தியார்கள் வரிசைக்கு முன்னால், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று ஆடிக்காட்டுவது இதற்காகத்தான். இதுபோன்ற சின்ன விவரங்கள் எந்தக் கையேட்டிலும் இல்லை. ஆட்டம் தெரிந்தவர்களின் பழக்கத்தில் இருக்கின்றன.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லாதீர்கள். சொற்கட்டைச் சொல்லச் சொல்லுங்கள். கும்மிக்குரிய மூன்றன் நடையை 'தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டு எழுத்துக்கு ஓர் அடியாக நடந்தால், 'த' ஒருமுறை வலக்காலில் விழும், மறுமுறை இடக்காலில் விழும். இதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான்கு என்றால் 'தகதிமி', எப்போதும் ஒரே காலில் தொடங்கும். ஐந்து கடினம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 'தக தகிட' என்று சொல்லி நடக்கிற ஏழு வயதுப் பிள்ளைக்கு அது கடினம் என்பதே தெரியாது.

இதற்கும் படிப்புக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். சிறு வயதில் தாளத்தோடு ஒட்டித் தட்டும் திறனுக்கும் வாசிப்புத் திறனுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கும்மியடித்தால் வாசிப்பு வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் தமிழைப் பொறுத்தவரை அந்தத் தொடர்பைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை, மெய் அரை மாத்திரை. அந்த மாத்திரை எவ்வளவு என்று தொல்காப்பியம் சொல்லும்போது, கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று உடம்பை வைத்துத்தான் அளக்கிறது. நாம் அதை மேல் வகுப்பில் மனப்பாடப் பகுதியாக வைத்திருக்கிறோம். ஒன்றாம் வகுப்பில் அது ஆட்டமாக இருக்க வேண்டியது. 'படு' என்றால் இரண்டு குட்டை அடி. 'பாடு' என்றால் ஒரு நீண்ட அடி, ஒரு குட்டை அடி. துணைக்காலை விட்டுவிட்டு எழுதுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. நோட்டில் சிவப்பு மையால் சுழித்துக் காட்டுவதற்குப் பதிலாக, அந்தச் சொல்லை நடந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். எங்கே நிற்க வேண்டும் என்று கால் சொல்லிவிடும். காது கேட்காமல் விட்டதை உடம்பு பிடித்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நம் இலக்கியத்துக்கும் இது புதிதில்லை. பிள்ளைத்தமிழில் குழந்தையின் பருவங்களைப் பிரித்திருக்கும் முறையைப் பாருங்கள். ஐந்தாம் மாதத்தில் செங்கீரை, குழந்தை கையூன்றித் தலை நிமிர்த்தி முன்னும் பின்னும் ஆடும். ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி, கை கொட்டும். ஆண்பாலில் சிறுபறை முழக்குவது ஒரு பருவம். பெண்பாலில் அம்மானையும் ஊசலும் வருகின்றன, ஒன்று பாடிக்கொண்டே காய்களைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பது, மற்றது ஊஞ்சல். இன்றைக்கு ஆண், பெண் என்று அப்படிப் பிரிக்க வேண்டியதில்லை, எல்லாரும் எல்லாம் செய்யட்டும். ஆனால் குழந்தை வளர்வதைத் தாளத்தோடு கூடிய அசைவுகளாகவே கவனித்திருக்கிறார்கள் என்பதுதான் என்னைத் தொடுகிறது. மடியில் வைத்து 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு' என்று ஆட்டியதும், 'கைவீசம்மா கைவீசு' என்று கையைப் பிடித்து வீசியதும் அந்த வரிசையில் வருகிறவைதான். வீட்டில் அப்படித் தொடங்கிய பிள்ளையைப் பள்ளிக்கு வந்ததும் பெஞ்சில் உட்கார வைத்து, கையைக் கட்டு, வாயில் விரலை வை என்கிறோம்.

வெளிநாட்டு உதாரணம் இருந்தால்தான் கோப்பு நகரும் என்றால் அதுவும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எமில் ஜாக்-டால்குரோஸ் ஜெனீவா இசைக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். வாத்தியம் நன்றாக வாசிக்கிற மாணவர்களுக்குக்கூடக் காலப்பிரமாணம், அதாவது சீரான வேகம், நிற்கவில்லை என்று கண்டு, அவர்களை நடக்கவும் அசையவும் வைத்துத் தாளம் கற்பிக்கும் முறையை உருவாக்கினார். ஹங்கேரியில் ஜோல்தான் கோடாய் 1900-களின் தொடக்கத்தில் கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாடல்களைச் சேகரித்தார், பிள்ளைகளின் இசைக்கல்வி தாய்மொழிப் பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று வாதாடி அதைத் தன் நாட்டுப் பள்ளிகளுக்குள் கொண்டுபோனார். ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப் பேச்சு, அசைவு, தாளக் கருவி மூன்றையும் சேர்த்துக் கற்பித்தார். ஒருவர் உடம்பை எடுத்துக்கொண்டார், ஒருவர் நாட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டார், ஒருவர் கருவியோடு பேச்சையும் சேர்த்தார். நம் கும்மி வட்டத்தில் இவையெல்லாம் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது வேறு: வயதுக்கு ஏற்ற வரிசை, ஆசிரியருக்கு முறையான பயிற்சி, பல ஆண்டு விடாமல் நடத்துவது. அங்கேதான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்குப் பின்னல் கோலாட்டத்தை வையுங்கள் என்று தனியாகக் கேட்கிறேன். மேலே இருந்து தொங்கும் கயிறுகளைப் பிள்ளைகள் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் உள்ளும் புறமுமாகச் சுற்றி ஆடும்போது கயிறுகள் பின்னிக்கொண்டே வரும். அந்தப் பின்னலை அவிழ்க்க வேண்டுமென்றால் அதே அடவுகளை அப்படியே பின்னோக்கி ஆட வேண்டும். ஒருவர் தவறினால் முடிச்சு விழும், எல்லாரும் நின்று எங்கே தவறினோம் என்று தேட வேண்டும். வரிசை, மாற்று வரிசை, ஒன்றுவிட்டு ஒன்று என்று கணக்குப் பாடத்தில் வருகிறவை எல்லாம் அங்கே கயிறாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. யாரையும் திட்டாமல் பிழையைத் தேடுகிற பழக்கமும் வருகிறது.

பறையைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் அங்கேதான் கையேடு எழுதுகிறவர்கள் தயங்குகிறார்கள். குட்டையான தடித்த அடிக்குச்சியும் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சியும் சேர்ந்து ஒரே தோலில் இரண்டு விதக் குரலைக் கொண்டுவருவது பிள்ளைகளின் இரண்டு கைக்கும் அருமையான பயிற்சி. அடிகளின் பெயர்களைக் கேட்டாலே அவற்றுக்குள் வாழ்க்கை இருப்பது தெரியும்: சப்பரத்தடி, சாமிச்சாட்டு அடி, பாடம் அடி. காது கேளாத பிள்ளை பறையின் விளிம்பில் கை வைத்தால் அதிர்வை வாங்கிக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து ஆடும். ஆனால் இந்தக் கருவியை ஒரு சாதியின் மேல் கட்டாய வேலையாகச் சுமத்தி, பிறகு அதே கருவியைக் காட்டி அவர்களை இழிவுபடுத்திய சமூகம் நம்முடையது. அந்த வரலாறு வகுப்பறைக்கு வெளியே நின்றுவிடாது. 'இவனுக்கு இது நல்லா வரும்' என்று ஆசிரியர் ஒரு குறிப்பிட்ட தெருப் பிள்ளையின் கையில் மட்டும் பறையைக் கொடுத்து, மற்றவர்களை ஆடவிட்டால், அன்றைக்கு அந்த வகுப்பில் தாளத்தை விட ஆழமாகச் சாதிதான் கற்றுத்தரப்படுகிறது. என் பிள்ளை பறையைத் தொடக் கூடாது என்று பெற்றோர் வந்து நிற்பதும் நடக்கிறது. இதை ஆசிரியரின் மனசாட்சிக்கு விட்டுவிடாதீர்கள். எல்லாப் பிள்ளையும் முறைவைத்து எல்லாக் கருவியையும் எடுக்க வேண்டும், எல்லாப் பிள்ளையும் ஆட வேண்டும், யாருக்கும் விலக்கு இல்லை என்று கையேட்டில் தெளிவாக எழுதுங்கள். தலைமையாசிரியர் பெற்றோரிடம் நீட்டிக் காட்ட ஓர் அச்சடித்த வரி வேண்டும்.

கற்றுத்தர யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு என் பதில், வகுப்பாசிரியரும் ஊர்க் கலைஞரும் சேர்ந்து என்பதே. தினமும் கால் மணி நேரத்தை வகுப்பாசிரியரே நடத்தலாம். அதற்கு அவர் ஆட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை, நிலையாக நடக்கவும் கைதட்டவும் வெட்கப்படாமல் பாடவும் வந்தால் போதும். வாரம் ஒருமுறை அந்த வட்டாரத்தில் இருக்கிற கும்மிப் பாட்டுக்காரரோ, ஒயில் வாத்தியாரோ, பறைக் கலைஞரோ வரட்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தவர்கள் மாவட்டம்தோறும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று மதிப்பூதியம் நிர்ணயித்து, தாமதிக்காமல் கொடுங்கள். விழாவுக்கு வந்துவிட்டுப் போகும் கலைக்குழுவாக அவர்களை நடத்த வேண்டாம். பிள்ளைகள் அவர்களையும் ஐயா, அம்மா என்று அழைத்து, மற்ற ஆசிரியர்களுக்குத் தரும் அதே நாற்காலியைத் தர வேண்டும்.

பாட்டுகளைச் சென்னையிலிருந்து ஒரே தொகுப்பாகப் பதிவு செய்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிவிடாதீர்கள் என்பதும் என் கோரிக்கை. கொங்குப் பகுதிக் கும்மியின் நடை வேறு, தெற்கே வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த ஊர்களின் நடை வேறு. தேவராட்டம் ஆடுகிற ஊரில் உறுமி மேளத்தின் ஓசை பிள்ளைகளுக்கு முன்பே பழக்கம். பிள்ளைகளே வீட்டில் பாட்டியிடம் கேட்டு ஒரு பாட்டைக் கொண்டுவரட்டும், அதுதான் முதல் வீட்டுப்பாடம். மலையாளமோ தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுகிற வீட்டிலிருந்து வந்த பாட்டையும் அதே வட்டத்தில் பாடட்டும். தொழில் தேடி வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தமிழ் வருவதற்கு முன்பே இந்த வட்டத்தில் ஓர் இடம் கிடைத்துவிடும், அதற்குப் பேச்சு தேவையில்லை.

போட்டி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. 2022-23இல் தொடங்கிய கலைத்திருவிழா என்ற பள்ளிக் கலைப் போட்டி பல ஆயிரம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை மேடை ஏற்றியிருக்கிறது. மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது பெரிய ஊக்கம், நானும் மகிழ்ந்தவள்தான். ஆனால் இப்போது தொடக்க வகுப்புகளுக்கும் அது வந்திருக்கிறது. போட்டி என்று வந்ததும் ஆசிரியர் என்ன செய்வார்? நன்றாக ஆடுகிற எட்டுப் பேரைப் பொறுக்கி எடுப்பார், மற்றவர்கள் சுவர் ஓரம் உட்கார்ந்து பார்ப்பார்கள். தாளம் யாருக்கு வரவில்லையோ அவருக்குத்தான் இந்தக் கால் மணி நேரம் அதிகம் தேவை. அவரைத்தான் போட்டி முதலில் வெளியே அனுப்பும். அதனால் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்குமாவது போட்டியும் மதிப்பெண்ணும் வேண்டாம்.

நேரத்தைப் பற்றி நடைமுறையாகச் சொன்னால், காலை உணவு முடிந்த கையோடு குதிக்க வைக்கக் கூடாது. மதிய இடைவேளைக்கு முந்தைய கால் மணி நேரம், நிழல் இருக்கிற இடத்தில், பொருத்தமாக இருக்கும். பிள்ளைகள் சோர்ந்து நெளியத் தொடங்குகிற நேரமும் அதுதான்.

ஆசிரியர் பயிற்சியில்தான் இது நிற்கும் அல்லது விழும். திரையில் படம் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புகிற பயிற்சியால் இது நடக்காது. ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் ஒரு குறுவள மையப் பயிற்சி நாளில் முற்பகல் முழுவதையும் கொடுங்கள். நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, ஆசிரியர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கட்டும், தட்டட்டும், பாடட்டும். முட்டி வலி உள்ளவர்கள் உட்கார்ந்து தொடையில் தட்டலாம், சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளைக்கு நாளை எப்படிக் கற்றுத்தருவது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பிறகு அந்த வட்டாரப் பள்ளிகளில் ஒரு பருவம் நடத்திப் பாருங்கள். அந்தப் பருவத்தில் இதற்காகப் பள்ளி விவரங்களைப் பதிவு செய்யும் எமிஸ் இணையதளத்தில் படம் ஏற்றச் சொல்லாதீர்கள், தனிப் பதிவேடு கேட்காதீர்கள். பருவ முடிவில் உங்களில் யாராவது முன்னறிவிப்பு இல்லாமல் வந்து, தட்டை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் நடப்பதைப் பாருங்கள். தொடர்வதா வேண்டாமா என்று அதன் பிறகு முடிவு செய்யலாம்.

எந்த வகுப்புக்கு எந்த அடவு, எந்த நடை என்று வரிசைப்படுத்திய குறிப்புகள் என்னிடமும் என்னைப் போல ஊர் ஊராகப் பழக்குகிற பலரிடமும் இருக்கின்றன. கேட்டால் கொண்டுவந்து தருகிறோம். பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்றாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
பள்ளிப் பிள்ளைகளுக்குக் கும்மியும் ஒயிலும் பழக்கும் ஒரு பயிற்றுநர்